தலைமுடி: சலூனில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேலூர்ப் பக்கத்துப் பள்ளியில் உயிரியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது செல்லூரில் குடியிருக்கிறேன். காலையில் தெருமுனைச் சலூனுக்குப் பத்திரிகை படிக்கப் போவேன். முகத்தில் நுரையோடு நாற்காலியில் சாய்ந்திருப்பவர், கண்ணாடியில் என்னைப் பார்த்து, "சார், இந்த முடி ஏன் இப்படிக் கொட்டுகிறது?" என்று கேட்பார். ஆள் மாறும், கேள்வி மாறாது. எழுதி ஒட்டிவிடலாமே என்று சலூன்காரர்தான் யோசனை சொன்னார். சுவரில் ஒட்டும் அளவைத் தாண்டிவிட்டதால் இங்கே போடுகிறேன்.

முடிக்கு உயிர் உண்டா, இல்லையா?

தலைக்கு மேலே தெரிவதற்கு இல்லை. தோலுக்கு அடியில் இருப்பதற்கு உண்டு. முடியைப் பற்றிய கட்டுக்கதைகளில் பாதி இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால் வருபவை.

தோலின் மேற்பரப்பு உள்ளே குழிந்து இறங்கி ஒரு குட்டிப் பையாகிறது. அதுதான் மயிர்க்கால். தலைத்தோலில் அது சில மில்லிமீட்டர் ஆழம் வரை போகும். பையின் அடிப்பகுதி சின்ன வெங்காயம் போலப் பருத்திருக்கும். அந்தக் குமிழின் அடியில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் கொண்ட சதைக் காம்பு ஒன்று நுழைந்திருக்கிறது. சாப்பாடு வருவதும், வளரச் சொல்லும் கட்டளை வருவதும் அதன் வழியாகத்தான். காம்பைச் சுற்றியுள்ள செல்கள் ஓயாமல் பிரிகின்றன. புதியது பிறக்கப் பிறக்கப் பழையது மேலே தள்ளப்படுகிறது. போகிற வழியிலேயே அது தன்னைக் கெரட்டின் என்ற புரதத்தால் நிரப்பிக்கொண்டு, உட்கருவை இழந்து, காய்ந்து, செத்துவிடுகிறது. இடியாப்ப உரலை நினைத்துக்கொள்ளுங்கள். மாவு உள்ளே இருக்கிறது. வெளியே வருவது இழை. இழையை வெட்டினால் மாவுக்கு வலிக்காது.

நம் உடம்பில் மிக வேகமாகப் பிரியும் செல்களில் இவையும் அடங்கும். வேகமாகப் பிரியும் செல்களைத் தாக்கும் புற்றுநோய் மருந்து கொடுத்தால் முடி கொட்டுவது இதனால்தான்.

சீப்பில் வரும் முடியின் முனையில் வெள்ளையாக ஒரு முண்டு இருக்கிறதே, வேரோடு வந்துவிட்டதா?

அதிகம் பயமுறுத்தும் கேள்வி இது. பதிலை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். நாளைக் காலை தலைவாரியதும் சீப்பிலிருந்து ஒரு முடியை எடுத்துக் கறுப்புத் துணிமேல் வைத்து லென்ஸ் வழியாகப் பாருங்கள். ஒரு முனை ஊசியாகவோ வெட்டுப்பட்டோ இருக்கும். மறுமுனையில் குண்டூசித் தலையைவிடச் சிறிய, உருண்ட, நிறமில்லாத ஒரு முண்டு. காய்ந்து கெட்டியாக இருக்கும்.

அது வேலை முடித்து ஓய்வு பெற்ற முடி. ஒவ்வொரு மயிர்க்காலும் 2 முதல் 7 ஆண்டு வரை முடியை வளர்க்கிறது. பிறகு இரண்டு மூன்று வாரங்களில் குமிழ் சுருங்கி மேலேறுகிறது. அதன்பின் ஏறத்தாழ மூன்று மாதம் ஓய்வு. அந்த ஓய்வுக் காலத்தில் முடி வெறுமனே செருகி வைத்ததுபோல நிற்கும். சீப்பு பட்டால் வந்துவிடும். நீங்கள் பார்க்கும் முண்டு, அதைச் செருகி வைத்திருந்த முனை மட்டுமே. மயிர்க்கால் தோலுக்குள் பத்திரமாக இருக்கிறது. பெரும்பாலும் அடுத்த முடியை ஏற்கெனவே தொடங்கியும் இருக்கும்.

வளர்ந்துகொண்டிருக்கும் முடியை வெடுக்கென்று பிடுங்கினால் வேறு மாதிரி இருக்கும்: முனை கறுத்து, ஈரமாக, மெல்லிய உறையோடு வரும். வலிக்கவும் செய்யும்.

ஒரு நாளைக்கு எத்தனை கொட்டலாம்?

50 முதல் 100 வரை இயல்பு. தலையில் சுமார் ஒரு லட்சம் முடி இருக்கிறது; அதில் பத்தில் ஒரு பங்கு எப்போதும் ஓய்வில் இருக்கும். அதை மூன்று மாதத்துக்குப் பகிர்ந்து பாருங்கள், கணக்கு சரியாக வரும். வெள்ளிக்கிழமை மட்டும் தலைக்குக் குளிப்பவர்களுக்கு வாரம் முழுவதும் சேர்ந்தது ஒரே நாளில் வரும். குளியலறைச் சல்லடையைப் பார்த்து அலற வேண்டாம்.

ஒரு முடியைக் குறுக்கே வெட்டினால் உள்ளே என்ன இருக்கும்?

மூன்று அடுக்கு. வெளியே ஓட்டு வீட்டுக் கூரைபோல ஒன்றின்மேல் ஒன்று படிந்த செதில்கள். எல்லாம் நுனியைப் பார்த்துச் சாய்ந்திருக்கும். அதற்குள் புறணி. முடியின் பெரும்பகுதி இதுதான். கெரட்டின் இழைகள் கயிறு திரித்தாற்போல முறுக்கிக் கிடப்பதும், கறுப்பு நிறமிப் பொடிகள் சிதறிக் கிடப்பதும் இங்கேதான். நடுவில் அகணி என்ற மெல்லிய தண்டு. மெல்லிய முடிகளில் இது இல்லாமலே போகலாம். அதனால் ஒரு குறையும் இல்லை.

கெரட்டினில் கந்தகம் உண்டு. முடி கருகும்போது வரும் அந்த நாற்றம் கந்தகத்தின் கைவேலை. இழைகளை ஒன்றோடொன்று பூட்டி வைப்பதும் அதுவே. ஒற்றை முடி ஏறத்தாழ 100 கிராம் எடையைத் தாங்குவது இந்தப் பூட்டுகளால்தான்.

"மயிரிழையில் உயிர் தப்பினார்" என்று பத்திரிகையில் எழுதுகிறார்களே, அந்த மயிரிழை எவ்வளவு என்று ஒரு மாணவன் கேட்டான். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, அல்லது அதற்கும் குறைவு.

"மயிர்" என்று சொல்லலாமா?

திருவள்ளுவர் சொன்னார், தலையிலிருந்து இழிந்த மயிர் என்றும், மயிர் நீப்பின் வாழாக் கவரிமா என்றும். இரண்டும் மானம் பற்றிய குறள்கள். அந்தச் சொல்லைப் பிற்காலத்தார் வசவாக்கிவிட்டோம். வகுப்பில் "மயிர்க்கால்" என்று சொன்னாலே கடைசி பெஞ்சில் சிரிப்புக் கிளம்பும். நானும் சேர்ந்து சிரித்துவிட்டுப் பாடத்தைத் தொடர்வேன். அதற்காக நல்ல சொல்லை விட்டுவிட முடியாது.

டெங்கு வந்து குணமாகி மூன்று மாதம் கழித்து முடி கொத்துக் கொத்தாகப் போகிறதே?

என் மகளுக்கு நடந்ததையே சொல்கிறேன். டெங்குவில் ஒரு வாரம் படுத்தாள். எழுந்து, தேறி, வேலைக்கும் போய்விட்டாள். பத்து வாரம் கழித்துத் தலை வாரினால் கைநிறைய முடி. நகரில் ஒரு முடி சிகிச்சை நிலையத்துக்குப் போனாள். காய்ச்சல் வந்ததா என்று ஒருவரும் கேட்கவில்லை. பத்து முறை வர வேண்டும், முன்பணம் கட்ட வேண்டும் என்று அச்சடித்த தாளை நீட்டினார்கள். அவள் தாளோடு வீட்டுக்கு வந்து என்னிடம் காட்டினாள்.

நடந்தது இதுதான். கடுமையான காய்ச்சல், பிரசவம், அறுவைச் சிகிச்சை, பட்டினி, பெரிய துக்கம் இவற்றில் எது வந்தாலும் உடம்பு செலவைக் குறைக்கிறது. முடி வளர்ப்பது அவசரச் செலவில் சேராது. வளர்ந்துகொண்டிருந்த மயிர்க்கால்களில் கணிசமான பங்கு ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விடும். ஓய்வு மூன்று மாதம் என்று மேலே சொன்னேன். ஆக, இன்று கொட்டுவது மூன்று மாதத்துக்கு முந்தைய கணக்கு. இன்று என்ன ஷாம்பு போட்டீர்கள் என்பதைவிடச் சித்திரையில் என்ன நோவு வந்தது என்று யோசிப்பது பயன் தரும்.

இந்த வகை உதிர்வு பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் தானே அடங்கிவிடும். மகளுக்கும் அடங்கியது, முன்நெற்றியில் குட்டை முடிகள் குச்சி குச்சியாக நின்றபோது நிம்மதியானோம். அதைத் தாண்டியும் கொட்டினால் இரும்புச்சத்து, தைராய்டு இரண்டையும் இரத்தப் பரிசோதனையில் பாருங்கள்.

மொட்டை அடித்தால் அடர்த்தியாக வளருமா?

அழகர்கோவிலுக்கு நேர்ந்துகொண்டு அடியுங்கள், சித்திரைத் திருவிழாவில் வைகைக் கரையில் அடியுங்கள், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அடர்த்திக்காக என்றால் வேண்டாம். கத்தி தொடுவது செத்த இழையை. கீழே இருக்கும் குமிழுக்குச் செய்தியே போகாது. 1928-இல் மில்ட்ரெட் டிராட்டர் என்ற அமெரிக்க உடற்கூறியலாளர் ஆண்களின் தாடியை மழிக்க வைத்து, முடியை அளந்து பார்த்தார். மழிப்பதால் முடியின் தடிமனும் கூடவில்லை, வளரும் வேகமும் கூடவில்லை.

பின்னே ஏன் முரடாகத் தெரிகிறது? வெட்டாத முடியின் நுனி ஊசியாக இருக்கும். மழித்த முடி வெட்டுப்பட்ட மட்டையான முனையோடு மேலே வரும், தடவினால் குத்தும். குழந்தைகளின் கதை கொஞ்சம் வேறு. பிறந்தபோது இருக்கும் பூனைமுடி சில மாதங்களில் தானாகவே உதிர்ந்து, அடுத்து வருவது தடித்து வரும். தாய்மாமன் மடியில் உட்கார வைத்து நாம் மொட்டை போடுவதும் அந்த வயதில்தான். புகழ் கத்திக்குப் போய்விடுகிறது.

மயிர்க்கால்கள் கருப்பையிலேயே, ஐந்து மாதத்துக்குள் அமைந்துவிடுகின்றன. உடம்பு முழுவதும் சுமார் 50 லட்சம். பிறந்தபின் புதிதாக உண்டாவதில்லை.

தலைமுடி இடுப்பு வரை வருகிறது, புருவம் மட்டும் ஏன் நிற்கிறது?

புருவத்தின் வளர்ச்சிக் காலம் சில மாதங்கள்தான். அதற்குள் எவ்வளவு நீளுமோ அவ்வளவுதான். தலையில் மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் கணக்கு. ஆறு ஆண்டு வளர்ந்தால் 70 சென்டிமீட்டரைத் தாண்டும். இடுப்பு வரை கூந்தல் உள்ளவரின் மயிர்க்கால்களுக்கு ஆயுள் கெட்டி.

சரி, முடியால் என்ன பயன்?

மதுரையில் மே மாதம் நண்பகல் மாட்டுத்தாவணியில் பஸ்ஸுக்கு நின்று பாருங்கள், முதல் பயன் புரியும். நிமிர்ந்து நடக்கும் விலங்குக்கு வெயில் நேரே உச்சந்தலையில் விழுகிறது; முடி அங்கே பந்தல். 2023-இல் வெளியான ஓர் ஆய்வில், வெப்பத்தை அளக்கும் பொம்மைத் தலைக்கு விதவிதமான முடி வைத்து, வெயில் போன்ற வெளிச்சத்தில் காட்டினார்கள். எந்த முடி வைத்தாலும் தலைக்கு ஏறும் சூடு குறைந்தது. சுருட்டை முடியில் மிக அதிகமாகக் குறைந்தது. வழுக்கைத் தலையர்கள் தொப்பி போடுவது வீண் அலங்காரமில்லை.

இரண்டாவது, தொடு உணர்வு. கண்ணை மூடிக்கொண்டு முன்கையில் ஒரே ஒரு முடியின் நுனியை மட்டும், தோலில் படாமல், ஈர்க்குச்சியால் அசையுங்கள். தெரிந்துவிடும். செத்த இழைக்கு எப்படித் தெரிந்தது? ஒவ்வொரு மயிர்க்காலைச் சுற்றியும் நரம்பு முனைகள் வேலி போட்டிருக்கின்றன. இழை சாய்ந்தால் வேலி அசையும். கொசு கடிக்குமுன் கை போய் அடிப்பதில் பாதி அதன் தயவு.

புருவம் நெற்றி வியர்வையைக் கண்ணுக்குள் விடாமல் பக்கவாட்டில் திருப்புகிறது. இமைமுடி தூசியைத் தடுக்கிறது. மூக்கு முடியும் அப்படியே. அதைப் பிடுங்குகிறவர்கள் கிருமிக்கு வாசல் திறந்துவிடுகிறார்கள், கத்தரித்தால் போதும். அக்குள் முடி உராய்வைக் குறைக்கிறது.

நான் பெரிதாக நினைப்பது வேறொன்று. மயிர்க்காலின் பக்கச் சுவரில் புடைத்த ஓர் இடத்தில் மூலச் செல்கள் குடியிருக்கின்றன. முழங்கை சிராய்த்து மேல்தோல் உரிந்தால், அந்தச் செல்கள் மேலேறி வந்து புதுத்தோல் போடுகின்றன. முடி நிறைந்த இடத்தில் சிராய்ப்பு சீக்கிரம் ஆறுவது இதனால்.

புல்லரிப்பது ஏன்?

ஒவ்வொரு மயிர்க்காலிலும் ஒரு சின்னத் தசை சாய்வாகக் கட்டியிருக்கிறது. குளிர், பயம், பக்திப் பரவசம் எது வந்தாலும் அது இழுக்கும். முடி நிமிரும், தோல் புள்ளி புள்ளியாக எழும். பூனை வாலைப் பருக்கவைத்துச் சண்டைக்கு நிற்பதும் இதே தசையால். பூனைக்கு அதனால் உருவம் பெரிதாகும், குளிரும் தாங்கும். நமக்குப் போர்த்த முடியில்லை. தசை மட்டும் மிச்சம். அழகர் ஆற்றில் இறங்கும்போது கூட்டத்தில் நின்றால் எனக்கு இன்றும் மயிர்க்கூச்செறியும். அந்தச் சிறு தசையை நினைத்துச் சிரித்துக்கொள்வேன்.

நரை ஒன்றைப் பிடுங்கினால் பத்து வருமா?

ஒரு மயிர்க்காலிலிருந்து ஒரு முடிதான் வரும். அதுவும் நரையாகவே வரும். குமிழில் நிறமி செய்யும் செல்கள் தனியாக இருக்கின்றன. வயதாக ஆக அவற்றின் கையிருப்புத் தீர்ந்துபோகிறது. எந்த வயதில் தீரும் என்பது பெரும்பாலும் பரம்பரை, புகைபிடிப்பவர்களுக்கு முந்திக்கொள்ளும். வெளியே வந்துவிட்ட கறுப்பு இழை ஒரே இரவில் வெளுக்காது. உள்ளே உயிரில்லாததன் நிறத்தை உள்ளிருந்து மாற்ற வழியில்லை.

வழுக்கை தாய்மாமன் வழியில் வருகிறதா? ஹெல்மெட்டால் வருகிறதா?

தாய்மாமன்மீது பாதிப் பழி நியாயம். முக்கியமான ஒரு மரபணு தாயிடமிருந்து வரும் எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆனால் வேறு பல மரபணுக்கள் இரு பக்கத்திலிருந்தும் வருவதால் அப்பாவையும் விட்டுவிட முடியாது. ஆண் ஹார்மோன் இல்லாமல் இந்த வழுக்கை வராது என்று ஜேம்ஸ் ஹாமில்டன் 1942-இல் காட்டினார். அந்த ஹார்மோனின் ஒரு வடிவம் உச்சியிலும் நெற்றியோரத்திலும் உள்ள மயிர்க்கால்களைச் சுருக்குகிறது. முடி ஒவ்வொரு சுற்றிலும் மெலிந்து, கடைசியில் கண்ணுக்குத் தெரியாத பூனைமுடியாகிவிடும். பின்தலை முடிக்கு அந்த ஹார்மோன் பெரிதாக உறைக்காது. நடவுச் சிகிச்சையில் அங்கிருந்து எடுப்பது அதனால்தான்.

ஹெல்மெட்டால் வழுக்கை வராது. உள்துணியை மட்டும் அவ்வப்போது துவையுங்கள்.

மினாக்சிடில் தடவும் மருந்து, முதலில் இரத்தக்கொதிப்புக்காக வந்தது. உட்கொண்டவர்களுக்கு முடி வளர்ந்ததைக் கண்டு திசை மாற்றினார்கள். மருத்துவரைக் கேட்டுத் தொடங்குங்கள். நிறுத்தினால் பலனும் நின்றுவிடும் என்பதைத் தெரிந்துகொண்டு தொடங்குங்கள்.

புழுவெட்டில் புழு உண்டா?

இல்லை. காசு வைத்தாற்போல வட்டமாக முடி போய், தோல் வழுவழுவென்று இருக்கும். உடம்பின் காவல் செல்களே ஆள் மாறி மயிர்க்காலைத் தாக்குவதால் வருவது. பிறருக்கு ஒட்டாது. பலருக்குத் தானே முளைக்கும். முளைத்த நேரத்தில் யாராவது சின்ன வெங்காயம் தேய்த்திருந்தால் வெங்காயத்துக்குப் பெயர். வட்டம் பெரிதானாலோ, எண்ணிக்கை கூடினாலோ தோல் மருத்துவரிடம் போக வேண்டும். செதில் உதிர்ந்து அரிக்கும் வட்டமென்றால் அது படர்தாமரை. அதற்கு மருந்து வேறு, அது ஒட்டவும் செய்யும்.

எண்ணெய் தேய்த்தால் வளருமா?

வளர்க்காது; காப்பாற்றும். தேங்காய் எண்ணெயில் உள்ள லாரிக் அமிலம் சிறியது, நேரானது. செதில்களைக் கடந்து புறணிக்குள் போகும். குளிப்பதற்கு முன் தேய்த்தால் முடி இழக்கும் புரதம் குறைகிறது என்று 2003-இல் ஓர் ஆய்வு வந்தது. ஆய்வு செய்தவர்கள் தேங்காய் எண்ணெய் விற்கும் நிறுவனத்தின் ஆட்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆயினும் அளவீடு ஒழுங்கானது, நான் நம்புகிறேன். முடி உடையாமல் இருந்தால் நீளமாகத் தெரியும். எண்ணெய் வளர்த்தது என்ற பேச்சு அப்படி வந்திருக்கும். பொடுகு உள்ளவர்கள் தலையில் எண்ணெயை ஊற வைக்காதீர்கள். பொடுகுக்குக் காரணமான ஈஸ்ட் தலையின் எண்ணெயைத் தின்றுதான் வாழ்கிறது.

போர் தண்ணீரில் குளித்தால் கொட்டுமா?

மயிர்க்காலுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் நம் பக்கத்து உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காமல் பிசுக்காக மாறி இழையில் படிகிறது. முடி சொரசொரத்து, சிக்கு விழுந்து, வாரும்போது நடுவில் உடைகிறது. கொட்டிய முடியில் முண்டு இல்லையென்றால் அது உடைந்தது என்று பொருள். சீயக்காயின் நுரை இந்தத் தண்ணீரில் அப்படிப் பிசுக்காவதில்லை. லேசான புளிப்புத்தன்மையும் இருப்பதால் செதில்கள் படிந்து நிற்கும். வெந்தயமும் பூலாங்கிழங்கும் சேர்த்து மில்லில் அரைத்து வரும்போது தெருவே தும்மும். ஈர முடியை இழுத்து வாராதீர்கள். தண்ணீர் ஏறிய முடி நீளும், எளிதில் அறும்.

கூந்தலுக்கு இயற்கையிலே மணம் உண்டா?

இந்த ஊரில் கேட்காமல் விடுவார்களா? பாண்டியனுக்கு வந்த ஐயம், தருமி கொண்டுவந்த பாட்டு, நக்கீரர் கண்ட குற்றம், பொற்றாமரைக் குளம்... கதை எல்லாருக்கும் தெரியும். உயிரியல்படி பார்த்தால் இழைக்கு மணமில்லை. ஆனால் ஒவ்வொரு மயிர்க்காலிலும் ஓர் எண்ணெய்ச் சுரப்பி திறக்கிறது. அந்த எண்ணெயைத் தலைத்தோலின் நுண்ணுயிர்கள் சிதைப்பதால் ஆளுக்கு ஆள் ஒரு வாடை உண்டு. தாய்க்குத் தன் குழந்தையின் தலைவாடை தெரியும். அதை மணம் என்பதா என்பது மோப்பம் பிடிப்பவரைப் பொறுத்தது. மல்லிகை வைத்த கூந்தல் பூவை எடுத்த பிறகும் மணப்பது, எண்ணெயில் வாசனை தங்கிவிடுவதால். நக்கீரர் பக்கம் முக்கால், பாட்டின் பக்கம் கால் என்று நான் தீர்ப்புச் சொல்வேன். சலூன்காரர் ஒத்துக்கொள்வதில்லை.

சிக்கு முடியை வாங்கிப் போகிறார்களே, கோயில் முடிக்கு மட்டும் ஏன் விலை அதிகம்?

ஒரு நீள முடியை எடுத்து, வேர்ப்பக்கத்திலிருந்து நுனிக்கு இரு விரலால் உருவுங்கள், வழுக்கும். நுனியிலிருந்து வேருக்கு உருவுங்கள், கிறீச்சென்று தடுக்கும். மேலே சொன்ன கூரைச் செதில்கள்தான் தடுக்கின்றன. மொட்டை அடிக்கும்போது கட்டாக எடுத்த முடியில் எல்லா இழையும் ஒரே திசையில் இருக்கும். சவுரி செய்தால் சிக்காது. சீப்பிலிருந்து சேர்த்த முடியில் தலையும் காலும் மாறிக் கிடக்கும். செதிலும் செதிலும் மாட்டிக்கொண்டு சடை பிடிக்கும். அதைச் சரிசெய்ய அமிலத்தில் நனைத்துச் செதில்களையே கரைத்துவிடுகிறார்கள். எங்கள் தெருவுக்கு வருகிறவர் சிக்கு முடிக்குச் சில்வர் கிண்ணம் தருகிறார். எடை போடுவதற்கு முன் ஒரு பிடி எடுத்து உருவிப் பார்த்துக்கொள்கிறார்.